மின்னல் விழுங்கிக்கு ஒரு பேனர்

பேனரில் ஆயிரம் முகம் இருந்தாலும் அவரவர் தேடுவது அவரவர் முகத்தைத்தான். கல்யாண பேனரானாலும் சரி, காதுகுத்து பேனரானாலும் சரி, கீழ் வரிசையில் ஸ்டாம்பு அளவுக்கு ஒட்டியிருக்கும் தன் தலையைக் கண்டுபிடித்துத் திருப்திப்பட்ட பிறகுதான், மாப்பிள்ளை யார் பெண் யார் என்று நிமிர்ந்து பார்ப்பார்கள். செங்கேணி செய்ததும் அதுதான். ஃப்ளெக்ஸ் கடையிலிருந்து டிசைன் அவள் போனுக்கு வந்தது. கீழ் வரிசையில் தன் முகத்தைப் பார்த்தாள். பால்கோவா மாதிரி இருந்தது. "சூப்பர்ணா, அட்ச்சிடு" என்று பதில் போட்டுவிட்டாள். மேலே பத்தடி உயரத்துக்கு நின்ற கதாநாயகியை அவள் பார்க்கவே இல்லை.

பார்த்திருக்க வேண்டியவள் நிஷா. அவளோ ஒரகடம் கம்பெனியில் நைட் ஷிப்டில் இருந்தாள். அங்கே போனை வாசலிலேயே வாங்கி லாக்கரில் வைத்துவிடுவார்கள். செங்கேணிக்கும் அதே கம்பெனி, அதே லைன். பேனர் வேலையைக் கவனிக்கத்தான் அவள் அன்றைக்கு லீவு போட்டிருந்தாள்.

சனிக்கிழமை காலை கம்பெனி பஸ் உத்திரமேரூரில் இறக்கிவிட்டதும், வீட்டுக்கு, மானாம்பதிக்குப் போகிற பஸ்ஸை நிஷா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தூக்கத்தில் கண் சொக்கியது. இருந்தாலும் நேரே தியேட்டருக்கு நடந்தாள். காலைக் காட்சிக்கு ஆஷெம்பா வருகிறாள்.

ஆஷெம்பா யாரென்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மழையே பெய்யாத ஒரு மலை நாட்டில் பிறந்த பெண். இடி இடித்தால் மற்றவர்கள் ஓடி ஒளிவார்கள். இவள் வாயைத் திறந்துகொண்டு மலை உச்சிக்கு ஏறுவாள். மின்னலை விழுங்குவாள். விழுங்க விழுங்க அவள் கறுப்பு கூடும். கறுப்பு கூடக் கூட பலம் கூடும். அடைமழைக்கு முந்தின மேகம் மாதிரி அவள் கறுத்து நிற்கும்போது எதிரில் எந்தச் சேனையும் நிற்காது. சூனியக்காரன் ஒருவன் மட்டும் அவளைச் சங்கிலியில் கட்டிப்போட்டு மின்னலை உறிஞ்சுவான். அப்போதுதான் அவள் வெளுப்பாள். முதலில் படக்கதைப் புத்தகமாக வந்து உலகமெல்லாம் ஓடி, இப்போது சினிமாவாகி, தமிழில் பேசிக்கொண்டு உத்திரமேரூர் வரைக்கும் வந்திருந்தாள்.

நிஷா அந்தப் படக்கதைகளைக் கம்பெனி பஸ்ஸில்தான் படித்தாள். போனை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, தெரியாத இங்கிலீஷ் வார்த்தைக்கு அகராதியைத் தட்டிக்கொண்டு, ஒவ்வொரு கட்டமாகப் படித்தாள். படித்ததைப் பக்கத்து சீட்டில் செங்கேணிக்குச் சொன்னாள். செங்கேணி முன் சீட்டுக்குச் சொன்னாள். வாலாஜாபாத் தாண்டுவதற்குள் பஸ்ஸே வாயைத் திறந்து மின்னலுக்குக் காத்திருக்கும். அதில் ஆறு பேர் சேர்ந்து ஒரு ரசிகர் மன்றமே தொடங்கிவிட்டார்கள், நிஷாதான் தலைவி.

அப்படியே ஒருநாள் ஆஷெம்பா ரசிகைகளின் குழு ஒன்று போனில் அவளுக்குக் கிடைத்தது. பெரும்பாலும் கறுப்பினப் பெண்கள். அமெரிக்கா, பிரேசில், நைஜீரியா என்று பல ஊர். குழுவின் தலைவி டெனீஸ் அமெரிக்காவில் ஓக்லண்டில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். சாமி கும்பிடுகிற மாதிரி படம் பார்க்கிறவர்கள் இல்லை இவர்கள். கட்டம் கட்டமாகப் பிரித்து மேய்வார்கள். மாயக் கதைகளில் நம் நிறத்து நடிகைக்கு வேலை கொடுக்கிறார்கள் சரி, உடனே ஏன் பச்சைப் பெயிண்டோ நீலப் பெயிண்டோ அடித்து வேற்றுக் கிரகத்துக்காரி ஆக்கிவிடுகிறார்கள்? சண்டைக் காட்சியை ஏன் அமாவாசை இருட்டில் எடுக்கிறார்கள்? பல் மட்டும்தானே தெரிகிறது? வீரனுக்குத் தோழனாக வருகிற கறுப்பன் ஏன் இடைவேளைக்குள் செத்துவிடுகிறான்? இப்படி இரவும் பகலும் வாதம். சிறுவயதில் தெருப் பிள்ளைகளோடு விளையாடும்போது பறக்கிற வேஷம் தனக்குக் கிடைத்ததே இல்லை, எப்போதும் குதிரைதான் என்று டெனீஸ் எழுதினாள். நிஷா தன் கதையை எழுதினாள். அவர்கள் ஊர் சர்ச்சில் கிறிஸ்துமஸ் நாடகம் போடுவார்கள். மரியாள் வேஷம் வருஷா வருஷம் கண்டக்டர் மகள் ஏஞ்சலுக்கு. குழந்தை இயேசுவைப் பார்க்க வரும் மூன்று ராஜாக்களில் ஒருவர் கறுப்பு, அது நிஷாவுக்கு. "உனக்கு மேக்கப் செலவே இல்லம்மா" என்று சொல்லித் தாடியை மட்டும் ஒட்டிவிடுவார்கள். குழுவில் அன்றைக்கு எல்லாரும் சிரித்துத் தீர்த்தார்கள். பிறகு நைஜீரியாக்காரி ஒருத்தி, "தாடியோடு ஒரு போட்டோ கிடைக்குமா, ராஜாவே?" என்று கேட்டாள்.

படம் வெளியாகும் சமயத்தில் டெனீஸ் கொதித்துப்போனாள். படக் கம்பெனி சில நாடுகளுக்கு அனுப்பிய போஸ்டரில் ஆஷெம்பாவுக்குத் தலைக்கவசத்தை மாட்டி முகத்தையே மறைத்துவிட்டதாம். சில போஸ்டரில் தோழன் முன்னால் நிற்க, இவள் பின்னால் கட்டைவிரல் அளவுக்கு இருந்தாளாம். "எந்த ஊரிலாவது அவள் முகம் முழுசாக, சொந்த நிறத்தில், பெரிதாக நிற்குமா?" என்று குழுவில் கேட்டாள். நிஷா யோசிக்கவே இல்லை. "எங்கள் ஊரில் நிற்கும். பத்தடி" என்று எழுதிவிட்டாள். பேனர் வைக்கத் தெரியாத ஊரா இது! முதல் காட்சிக்கு முன்னால் போட்டோ அனுப்பு, இங்கே வெள்ளிக்கிழமை ராத்திரி நேரலையில் உன் ஊர்ப் படத்தைத்தான் முதலில் காட்டுவேன் என்று டெனீஸ் வாக்குக் கொடுத்தாள்.

அந்த வாக்கை நினைத்துக்கொண்டுதான் நிஷா தியேட்டர் கேட்டுக்குள் நுழைந்தாள். ரோட்டில் பேனர் வைத்தால் வம்பு என்று மேனேஜர் வேதகிரி காம்பவுண்டுக்குள் இடம் கொடுத்திருந்தார். பேனரைத் தரையில் விரித்துப் போட்டு, இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் செங்கேணி நின்றாள்.

"வாம்மா பிரசிடென்டு! இன்னா, ஹீரோயினு பம்பாய் பொண்ணா?"

நிஷா பார்த்தாள். கையில் மின்னலைப் பிடித்தபடி ரோஸ் பவுடர் அப்பிய ஒரு முகம் வானத்தைப் பார்த்துச் சிரித்தது. நிறம் பன்னீர் ரோஜா. அவளுக்குத் தூக்கம் பறந்துபோனது.

"செங்கேணி, இத்த நீ பாத்தியா?"

"பாத்தேனே. கீய நடுவுல நான்தான். பாரேன், மூக்குகூட எடுப்பா கீது."

"மேல பாத்தியாடி?"

செங்கேணி அப்போதுதான் மேலே பார்த்தாள்.

"ஐயய்யோ. யாருடி இவ?"

"அத்த நீதான் சொல்லணும். ஓகே பண்ணவ நீதானே?"

"நான் என்னுதத்தான் பாத்தேன்டி. அவ பெரிய ஆளு, அவ மூஞ்சி ஒயுங்காத்தான் இருக்கும்னு நெனச்சேன்."

கோபத்திலும் நிஷாவுக்குச் சிரிப்பு முட்டியது. அடக்கிக்கொண்டு பேனரைச் சுருட்டி ஒரு முனையைத் தோளில் வைத்தாள். மறுமுனையைச் செங்கேணி தூக்கிக்கொண்டாள். "படம் போட இன்னும் நேரம் கீதும்மா, ஆனா ஒரேடியா இல்ல!" என்று வேதகிரி பின்னாலிருந்து கத்தினார்.

ஃப்ளெக்ஸ் கடை பஜார் தெருவில் இருந்தது. கடைக்காரர் புருஷோத்தமனுக்கு முகத்தை வெளுப்பாக்குவது கண் இமைப்பது போல. எந்தப் போட்டோ வந்தாலும் கை தானாகப் போய் ஒரு பொத்தானை அமுக்கிவிடும். அமுக்கினது அவருக்கே தெரியாது. தலைவர் பிறந்தநாள், மஞ்சள் நீராட்டு, புதுக் கடை திறப்பு, எல்லாரும் அவர் கையில் சிவந்துதான் வெளியே வந்தார்கள். செத்தவர்களையும் அவர் விட்டதில்லை. ஆயுசு முழுக்க ஏரிப் பாசன வயலில் வெயிலில் நின்ற கிழவர்கள் கண்ணீர் அஞ்சலி பேனரில் காஷ்மீர் ஆப்பிள் மாதிரி இருப்பார்கள்.

"இன்னா பாப்பா, பேனரு எப்டி?" என்று வரவேற்றார்.

"அண்ணா, மூஞ்சிய இன்னா பண்ண?"

"ஒண்ணியும் பண்லியே. பிரைட் பண்ணேன்."

"யாரு பண்ண சொன்னது?"

"இத்தெல்லாம் சொல்வாங்களா? சொன்னாத்தான் டைலரு சட்டைக்கு காஜா எடுப்பானா? சட்டைன்னா காஜா. பேனருன்னா பிரைட்டு."

"அவ கறுப்புண்ணா."

"தெர்து பாப்பா, அதனாலதானே பண்ணேன். மாப்ள கொஞ்சம் டல்லா கீறான்னு பேனரயே திருப்பி தூக்கினு வந்தவங்க கீறாங்க. வெளுப்பா அட்ச்சதுக்கு எவனும் இதுவரிக்கும் என்னாண்ட சண்டைக்கு வந்ததில்ல. நீதான் மொத ஆளு."

உள்ளே மெஷின் ஒரு கல்யாண பேனரை அடித்துக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை இடுப்பு வரைக்கும் வெளியே வந்திருந்தான். "இத்த முடிச்சிட்டு இன்னும் ரெண்டு கீது. நாளைக்கி வாயேன்" என்றார் புருஷோத்தமன்.

நிறம் என்றால் என்ன, மரியாதை என்றால் என்ன என்று குழுவில் மாதக்கணக்காகப் பேசியதையெல்லாம் இங்கே கொட்டலாம். கொட்டினால் இவர், "கரெக்டு பாப்பா, நாயமான பேச்சு" என்று தலையாட்டிவிட்டு மெஷின் பக்கம் திரும்பிவிடுவார். அவருடைய பாஷையிலேயே பேசியாக வேண்டும். போனை எடுத்து ஒரு பக்கத்தைத் திறந்து அவர் முன்னால் நீட்டினாள்.

"இத்த பாருண்ணா. சூனியக்காரன் இவளப் புடிச்சிக் கட்டி, சக்திய உறிஞ்சிக்கினு கீறான். மூஞ்சி எப்டி கீது?"

"வெளுத்து கீது."

"தோத்தாத்தான் வெளுப்பா. மத்த நேரம்லாம் கறுப்பு. இப்ப நீ அட்ச்சத பாரு."

புருஷோத்தமன் போனைப் பார்த்தார். தரையில் கிடந்த பேனரைப் பார்த்தார். மறுபடி போனைப் பார்த்தார். மௌசிலிருந்து கையை எடுத்தார்.

"அப்போ நான் அட்ச்சது..."

"அவ ஒத வாங்கற சீனு. அத்தத்தான் ரிலீஸன்னிக்கி பத்தடிக்கு அட்ச்சி குடுத்துகீற."

அது போதும். ஃப்ளெக்ஸ் கடை வைத்திருப்பவனுக்கு இதைவிடப் பெரிய பழி கிடையாது. முதல் நாள் பேனரில் ஹீரோ தோற்று விழுந்த ஸ்டில்லைப் போட்ட கடைக்காரன் அந்த நடிகர் ரிட்டையர் ஆகும்வரை மன்றத்துக்காரர்கள் முகத்தில் முழிக்க முடியாது. புருஷோத்தமனும் ஒரு காலத்தில் மன்றத்துப் பால்குடம் தூக்கியவர்தான்.

"அட கஸ்மாலமே! இத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? ஒத வாங்கற ஸ்டில்லா? என் கடையிலயா?" என்று எழுந்து மெஷினை நிறுத்தினார்.

"அண்ணா, மாப்ள பாதில நிக்கறாரே!" என்றாள் செங்கேணி.

"நிக்கட்டும். நடுவுல நிறுத்துனா ஒரு கோடு வுயும். அங்க மாலை வரும், தெரியாது."

பொத்தானை அமுக்காமல், வந்த படத்தை வந்தபடியே வைத்து, முகத்தை மட்டும் சின்னத் துண்டாக அடித்துப் பார்த்தார். ஈரத்தோடு அதைத் தூக்கிக் காட்டினார். தார் டின்னில் இரண்டு கண் வைத்த மாதிரி இருந்தது. மூக்கு இல்லை, கன்னம் இல்லை. குழுவில் எல்லாரும் புலம்பிய அதே அமாவாசை முகம்.

"பாத்தியா? இதுக்குத்தான் பிரைட் பண்றது. கறுப்பு மூஞ்சி மெஷினுக்கு ஒத்துக்காது பாப்பா. நான் இன்னா பண்ட்டும்?"

ஒரு கணம் அவர் சொல்வது உண்மையோ என்றுகூட நிஷாவுக்குத் தோன்றிவிட்டது. பிறகு ரோசிலீன் நினைவுக்கு வந்தாள். பிரேசிலில் நாடக மேடைகளுக்கு விளக்குப் போடுகிற பெண் அவள். நிஷா போனில் தேடி அவள் எழுதியதை எடுத்தாள்.

"அண்ணா, இந்தக்கா சொல்றாங்க. கறுப்பு மூஞ்சில கறுப்பத் தேடாதன்றாங்க. நெத்தில வானத்தோட நீலம் வுயும், கன்னத்துக்கு அடியில செம்மண்ணு கலரு கீதுன்றாங்க. நீ கறுப்பு இங்க்கு ஒண்ணத்தியே ஊத்திக்கினு கீற. அத்தக் கொறச்சி மத்தத ஏத்திப் பாரேன்."

"நீலமா? மூஞ்சிலயா? கல்யாண மாப்ளைக்கி நீலம் அட்ச்சா என்ன சும்மா வுடுவாங்களா?"

"வெளிய வா, காட்றேன்."

வெயிலில் போய் நின்றாள். புருஷோத்தமன் அந்தத் துண்டோடு வந்து அவள் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்தார். கண்ணைச் சுருக்கினார். பக்கத்தில் பூ கட்டிக்கொண்டிருந்த முனியம்மாள் சரத்தை மடியில் போட்டுவிட்டு எழுந்து வந்தாள்.

"இன்னாயா இது, ஜாக்கெட்டுக்கு மேட்ச் பாக்கறாப்ல பொண்ணு மூஞ்சில வெச்சி பாத்துக்கினு கீற?"

"சும்மாரு முனிம்மா. வேல நடக்குது."

"அதுல இருக்கறது ஒரே இருட்டு. இவ மூஞ்சில அப்டியா கீது? இங்க பாரு, இந்த எலும்பு மேல பளபளன்னு. தோ, இங்க செவப்பு."

புருஷோத்தமன் நிஷாவின் நெற்றியை, கன்னத்தை, மூக்கின் ஓரத்தைப் பார்த்தார். ஊரில் முக்கால்வாசி முகங்கள் அவர் கணினி வழியாகப் போயிருக்கின்றன. ஒரு முகத்தையும் அவர் இப்படிப் பார்த்ததில்லை. பார்ப்பதற்குள் கை பொத்தானுக்குப் போய்விடும்.

"அட, ஆமா! நெத்தில நீலம் கீது" என்றார், திருடனைப் பிடித்துவிட்ட மாதிரி.

அதன் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. உள்ளே ஓடுவார், கறுப்பைக் குறைத்து மெஜந்தாவை ஏற்றி ஒரு துண்டு அடிப்பார், வெளியே ஓடிவந்து நிஷாவின் கன்னத்தில் வைப்பார். "செவப்பு தூக்கலா கீது." மறுபடி ஓடுவார். அடுத்தது முனியம்மாளுக்குப் பச்சையடித்த மாதிரி பட்டது. செங்கேணியையும் இழுத்து நிறுத்தினார்கள். டீக்கடைக்கு வந்தவர்கள் டம்ளரோடு வந்து நின்று தீர்ப்புச் சொன்னார்கள். கடைசியில் ஒரு துண்டை அவர் வெயிலில் தூக்கிப் பிடித்தபோது டம்ளர்காரர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். அந்தக் கன்னம் மழையில் நனைந்த கருங்கல் மாதிரி, உள்ளே வெளிச்சம் வைத்திருந்தது.

"இதாண்டி அவ" என்றாள் செங்கேணி.

பெரிய பேனரை அடிக்க மெஷினை ஓடவிடும் முன் புருஷோத்தமன் திரும்பினார். "கீய உங்க மூஞ்சிங்களும் கீதே. அத்தயும் ஒரிஜினலுக்கு மாத்திடட்டா?"

"மாத்துண்ணா" என்றாள் நிஷா.

"என்னுது வேணா" என்றாள் செங்கேணி.

"இன்னாடி சொல்ற? இவ்ளோ நேரம் வெயில்ல நின்னது எதுக்கு?"

"அவளுக்காக நின்னேன். அவளுக்கு வவுத்துல மின்னலு கீது, கறுப்பா இருந்தா பலம். எனுக்கு இன்னா கீது? பொண்ணு பாக்க வரேன்னு சொல்லிகீறாங்க, அந்த வூட்டுக்காரங்க இந்த பஜாருக்குத்தான் காய் வாங்க வராங்க. ஒருநாள் பேனர்லயாவது செவப்பா இருந்துட்டுப் போறேன், வுடு."

செங்கேணி கெஞ்சவும் இல்லை, வெட்கப்படவும் இல்லை, காய் விலை சொல்வது போலத்தான் சொன்னாள்.

"சரிண்ணா, இவளுத வுட்டுடு" என்றாள் நிஷா.

ஈரம் முழுசாகக் காய்வதற்குள் பேனரைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். புருஷோத்தமனும் ஆணி, சுத்தியலோடு பின்னாலேயே ஓடிவந்தார். காட்சிக்கு மணி அடித்தாகிவிட்டது. "விளம்பரம் ஓட்டிக்கினு கீறேன், சீக்கிரம்! பல்பொடி, நகைக்கடை ரெண்டும் முடிஞ்சிடுச்சி, சிமெண்டுதான் பாக்கி!" என்று வேதகிரி பறந்தார். சட்டத்தில் ஆணி அடித்து, நாலு பேர் சேர்ந்து தூக்கி நிறுத்தியதும், டிக்கெட் வாங்கி உள்ளே போனவர்களில் சிலர் வெளியே வந்துவிட்டார்கள். பத்தடி உயரத்தில் ஆஷெம்பா நின்றாள், கறுப்பாக, முழு முகமாக, நெற்றியில் வானத்தோடு. கீழே, 'இவண்: மின்னல் விழுங்கி மகளிர் ரசிகர் மன்றம், உத்திரமேரூர் வட்டம்.' அந்த வரிசையில் கறுப்பான ஐந்து முகம், நடுவில் ஒரு பால்கோவா.

நிஷா போட்டோவை அனுப்பினாள். டெனீஸின் நேரலையில் தானும் சேர்ந்துகொண்டாள், அது முடிகிற நேரம். போனில் டெனீஸ் யாருக்கோ நன்றி சொல்லிக்கொண்டிருந்தாள். திடீரென்று பேச்சு நின்றது. அடுத்து ஒரு கூச்சல். ஓக்லண்டில் ஏதோ இடிந்து விழுந்துவிட்டது என்றே செங்கேணி நினைத்தாள்.

டெனீஸ் படத்தைப் பெரிதாக்கினாள். "இந்தக் கன்னத்தைப் பாருங்கள். யாரோ நிதானமாகப் பார்த்து அச்சடித்திருக்கிறார்கள். கம்பெனி போஸ்டரில்கூட இது இல்லை" என்றாள். பிறகு கீழ் வரிசைக்கு வந்தாள். "நடுவில் இந்த ஒருத்தி மட்டும் ஏன் வெளுத்திருக்கிறாள்? சூனியக்காரன் பிடித்துவிட்டானா?"

நிஷா மொழிபெயர்த்தாள். செங்கேணி வெடுக்கென்று போனைப் பிடுங்கினாள். "ஹலோ மேடம். மை நேம் செங்கேணி. மேரேஜ் பர்பஸ்!"

அந்தப் பக்கம் சிரிப்பு அடங்க வெகு நேரம் ஆனது. டெனீஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "எங்கள் அத்தைமார்களின் கல்யாண ஆல்பம் முழுக்க இப்படித்தான், செங்கேணி. மாப்பிள்ளை நல்லவனாக இருக்கட்டும்."

நேரலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எழுதித் தள்ளினார்கள். எங்களுக்கும் இதே மாதிரி ஒன்று வேண்டும், கீழே எங்கள் முகங்களோடு, எங்கள் தியேட்டர் வாசலில் வைக்க. யாரைப் பிடிக்க வேண்டும் என்று கேட்டார்கள். நிஷா போனைத் திரும்ப வாங்கிப் படித்துவிட்டுப் புருஷோத்தமன் பக்கம் திரும்பினாள்.

"அண்ணா, அமெரிக்காலருந்து ஆர்டர் வந்துகீது."

புருஷோத்தமன் வாயிலிருந்த ஆணியை எடுத்தார். கொஞ்சமும் அசரவில்லை.

"எத்தினி அடிக்கு எத்தினி அடின்னு கேளு. போட்டோவ மட்டும் வெயில்ல நின்னு எடுத்து அனுப்ப சொல்லு."